நீவிவிட்டால் முதுகு நேராகுமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. முதுகெலும்பு 28 டிகிரி வளைந்திருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தது. டாக்டர் பிரேஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் விறைப்பான கவசம்) போடச் சொல்கிறார். அவளோ அதை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போக மாட்டேன் என்று அழுகிறாள். கையால் நீவி, சொடக்கெடுத்தே நேராக்கிவிடலாம் என்கிறார் ஒரு தெரபிஸ்ட். அதை முதலில் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடவே செய்யலாம், பிரேஸைத் தள்ளிப்போட்டுவிட்டு வேண்டாம். அவளைக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்க விலா மேடாகத் தெரியும். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு திருகியும் கொள்வதால் வருவது அது. உடம்பு மளமளவென்று வளரும் வயதில் கூடிக்கொண்டே போகக்கூடிய இந்த வளைவைக் கையால் அழுத்தி நிறுத்த முடியும் என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் இல்லை. சொடக்குச் சத்தம் மூட்டுக்குள் உண்டாகும் வாயுக்குமிழியால் வருவது, எலும்பு இடத்துக்கு வந்துவிட்ட சத்தமில்லை. இறுகிய தசை தளரும், வலி இருந்தால் குறையும், அவ்வளவுதான்.

அப்படியானால் குணமானார்கள் என்று அந்தத் தெரபிஸ்ட் காட்டக்கூடிய பிள்ளைகள்? 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு, அறுவை சிகிச்சையை யோசிக்க வைக்கும் 50 டிகிரியைத் தொடவில்லை, போடாதவர்களிலோ 48 சதவீதம். அதாவது எதுவுமே செய்யாமல் பாதிப் பேர் தப்பிக்கிறார்கள், அந்தப் பாதியின் புகழை யார் வேண்டுமானாலும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்! 28 டிகிரி 24 ஆகிவிட்டது என்று எக்ஸ்ரேயைக் காட்டினாலும் அசந்துவிடாதீர்கள், ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே 5 டிகிரி முன்னேபின்னே வரும்.

சரி, பள்ளி விஷயம். அதே ஆய்வில் தினம் சராசரியாக 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் அதிகமானவர்கள் தப்பித்தார்கள். பள்ளி நேரத்தை விட்டுவிட்டு மாலையும் இரவும் போட்டால் போதுமா என்று டாக்டரிடம் அவளையே கேட்கச் சொல்லுங்கள். உள்ளே தையல் உறுத்தாத மெல்லிய பருத்தி பனியன் போட்டால் தோல் புண்ணாவது குறையும். முதுகு வளைவுக்கென்றே உள்ள ஷ்ராத் முறை உடற்பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் காலில் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் அடக்க முடியாமை, இதில் எது தெரிந்தாலும் யாரையும் முதுகில் கைவைக்க விடாமல் உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.