பனம்பழக் கூழை மாம்பழக் கூழ் மாதிரி பாட்டிலில் அடைக்கலாமா?

கேள்வி: தேவகோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் புஞ்சை இருக்கிறது. கண்மாய்க் கரையோரம் பத்துப் பதினைந்து பனை நிற்கிறது. ஆவணி பிறந்தால் பழம் விழுந்து வீணாகப் போகிறது. அப்பத்தா இருந்தவரை சுட்டுக் கொடுப்பார்கள், இப்போது சீந்துவார் இல்லை. கூழ் எடுத்து, கடையில் விற்கிற மாம்பழக் கூழ் மாதிரி பாட்டிலில் அடைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்ளலாமா? சென்னையில் இருக்கிற பிள்ளைகளுக்கும் அனுப்பலாம் என்று பார்க்கிறேன். கேஎம்எஸ் பொடி போட்டால் கெடாது என்கிறார்கள். சத்து நிற்குமா? அப்பச்சிக்குச் சர்க்கரை இருக்கிறது. பனம்பழம் சர்க்கரையைக் குறைக்கும் என்று வாட்ஸப்பில் வந்ததை நம்பிக் கொடுக்கலாமா?

பதில்: பாட்டிலில் அடைக்க வேண்டாம். உறைய வையுங்கள், அல்லது காய வையுங்கள். காரணம் புளிப்பில் இருக்கிறது.

கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் மாம்பழக் கூழை டின்னில் அடைக்கிறார்களே, அந்தக் கூழில் இயல்பாகவே புளிப்பு உண்டு. போதாவிட்டால் சிட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். புளிப்பை அளக்கிற பிஎச் அளவுகோலில் 4.6 என்பது எல்லைக்கோடு. எண் அதற்குக் கீழே இருந்தால் புளிப்பு போதும் என்று அர்த்தம். அங்கே கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமி தலையெடுக்காது. எண் அதற்கு மேலே போய்விட்டால், காற்றுப் புகாமல் அடைத்த பாட்டில்தான் அந்தக் கிருமிக்குத் தோதான இடம். நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடிய நஞ்சை அது உண்டாக்கும். வாசனையிலோ ருசியிலோ எப்போதும் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. கொதிக்க வைத்தால் போகாதா என்று கேட்பீர்கள். கிருமி சாகும், ஆனால் ஸ்போர் என்கிற அதன் விதை போன்ற உறங்கு நிலை சாகாது. அதை ஒழிக்க 121 டிகிரி வெப்பம், அளந்த நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். அதற்கென்று தனி இயந்திரம் உண்டு, வீட்டுக் குக்கரை நம்பி அந்த வேலையில் இறங்கக் கூடாது.

பனம்பழத்தைத் தின்றவர்களுக்குத் தெரியும்: இனிப்பு உண்டு, கசப்பு உண்டு, புளிப்பு என்று சொல்ல எதுவும் இல்லை. மாம்பழத்தின் கணக்கு இதற்குப் பொருந்தாத இடம் இதுதான். கேஎம்எஸ் என்கிற பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டும் சரி, சோடியம் பென்சோயேட்டும் சரி, புளிப்பான கூழில்தான் ஒழுங்காக வேலை செய்யும். பனங்கூழில் போட்டுவிட்டுக் கவலையில்லாமல் இருப்பது வீண் தைரியம். போதாததற்கு, கேஎம்எஸ் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பும். எலுமிச்சை பிழிந்தால் ருசி கூடும், உண்மைதான். ஆனால் 4.6-க்குக் கீழே இறங்கிவிட்டதா என்று நாக்கு சொல்லாது. எலுமிச்சை சேர்த்துக் காய்ச்சிய கூழானாலும் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாலு நாளில் முடித்துவிடுங்கள்.

கூழ் எடுக்கிற முறை. அன்று காலையில் விழுந்த பழமாக எடுங்கள். வெடித்ததும் வண்டு துளைத்ததும் வேண்டாம், இரவு தங்கினாலே புளித்து நுரைக்கத் தொடங்கிவிடும். கழுவி, காம்புப் பக்கத்து மூடியைப் பிய்த்து, கருந்தோலை உரித்துக் கொட்டைகளைப் பிரியுங்கள். ஒவ்வொரு கொட்டையையும் கொஞ்சம் கொதித்து ஆறிய தண்ணீர் விட்டுப் பிசைந்தால் நாருக்குள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் கூழ் இறங்கும். நார் வெளிறிப்போகும் வரை பிசையலாம், அதற்கு மேல் வருவது வெறும் தண்ணீர். பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, அடிகனமான எவர்சில்வர் சட்டியில் பச்சை வாடை போகக் காய்ச்சுங்கள். கெட்டியாக ஆக ஆகக் கொப்பளித்துத் தெறிக்கும், நீளக் கரண்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். பாடுபட்டுப் பிசைந்தாலும் பழத்தின் எடையில் பாதிகூடக் கூழாகத் தேறாது. அதற்காக மனம் தளர வேண்டாம்.

ஆறியதும் ஒரு வேளைக்கு ஆகிற அளவாகப் பைகளில் ஊற்றி, தட்டையாக ஃப்ரீசரில் அடுக்குங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. மின்வெட்டு நீளும் ஊர் என்றால் இதைப் பெரிதாக நம்ப முடியாது. சென்னைக்கு பஸ்ஸில் அனுப்பவும் தோதில்லை.

பிள்ளைகளுக்கு அனுப்பக் காய வைத்ததுதான் சரி. யாழ்ப்பாணத்தில் பனாட்டு என்று செய்கிறார்கள். கூழை ஓலைப்பாயில் மெல்லிசாகப் பரப்பி, வெயிலில் காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு பூச்சு, மறுநாள் இன்னொன்று என்று ஏற்றி, தோல் மாதிரி உரித்தெடுத்து வைப்பார்கள். வடகமும் வற்றலும் காய்கிற செட்டிநாட்டு முற்றத்துக்கு இது புது வேலை இல்லை. ஒரு பூச்சு முழுக்கக் காயாமல் அடுத்ததைப் போட்டால் நடுவில் பூசணம் பிடிக்கும். கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான். புரட்டாசியில் மாலை மழை வந்துவிடும், ஆவணி வெயிலிலேயே முடித்துவிடப் பாருங்கள்.

சத்து விஷயம். கூழின் ஆரஞ்சு நிறமே கரோட்டினாய்டுகள்தான். அதில் பீட்டா கரோட்டினை உடம்பு வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். நார்ச்சத்தும் பெக்டினும் உண்டு. மரத்துக்கு மரம் நிறம் மாறும், வெளிர் மஞ்சளை விட அடர் ஆரஞ்சில் கரோட்டின் கூடுதலாக இருக்கும் என்று பொதுவாக எதிர்பார்க்கலாம். கரோட்டின் சூட்டைவிட வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் அதிகம் பயப்படும். உறைய வைத்தால் பெரும்பகுதி நிற்கும், நேர் வெயிலில் காய்ந்தால் ஒரு பங்கு போகும். மேலே மெல்லிய துணி கட்டினால் இழப்பு குறையும், ஈயும் அண்டாது. நிழலிலேயே காய வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நம் ஊர் ஆவணிப் புழுக்கத்தில் அது பூசணத்துக்குத்தான் வழி. கொஞ்சம் கரோட்டின் போனால் போகட்டும்.

கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். ஆகவே கருப்பட்டிப் பணியார மாவில் தண்ணீருக்குப் பதில் இந்தக் கூழை விட்டுக் கரைத்து, குழியில் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டு ஊற்றுவது ருசிக்கு மட்டுமல்ல, சத்துக்கும் பொருத்தம்.

கசப்புக்குக் காரணம் ஃபிளபெல்லிஃபெரின் என்கிற சப்போனின் வகைப் பொருள்கள். இலங்கையின் ஸ்ரீ ஜெயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். சப்போனின் என்றால் தண்ணீரில் நுரைக்கும் ஜாதி. சோப்பு வராத காலத்தில் யாழ்ப்பாணத்தில் பனம்பழத்தைத் தேய்த்துத் துணி துவைத்தார்கள், அந்த வாசனைக்குக் கொடியில் காய்கிற வேட்டியை மாடு வந்து மெல்லும் என்று அங்குள்ள பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆரஞ்சு ஜாதிப் பழச்சாறுகளின் கசப்பை எடுக்கப் பயன்படும் நரிஞ்சினேஸ் என்ற நொதி இந்தக் கசப்பையும் உடைக்கிறது என்று அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். வீட்டில் அதற்கு வழியில்லை. காய்ச்சினாலும் கசப்பு முழுக்கப் போகாது, கருப்பட்டிதான் அதை மறைக்கும். எல்லா மரமும் ஒன்றுபோல் கசக்காது. ஒவ்வொரு மரத்துப் பழத்தையும் தனியாக ருசி பார்த்து, இனிப்பு மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

இனி அப்பச்சி. வாட்ஸப் செய்திக்கு வேர் அந்த இலங்கை ஆய்வுகளில் இருக்கலாம். ஃபிளபெல்லிஃபெரின் கொடுத்த எலிகளுக்கு இரத்தச் சர்க்கரை ஏறுவது மட்டுப்பட்டதாகக் கண்டிருக்கிறார்கள். குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதை அது தடுக்கிறது என்பது விளக்கம். எலியில் கண்டதை வைத்து மனிதருக்கு மருந்து என்று சொல்வது அவசரம். கூழிலேயே சர்க்கரை இருக்கிறது, காய வைத்தால் அது செறிந்துவிடும், கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான். ஆசைப்பட்டுக் கேட்டால் கருப்பட்டி சேர்க்காத கூழ் இரண்டு மூன்று ஸ்பூன், சாப்பாட்டோடு கொடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மீட்டரில் பாருங்கள். மாத்திரையில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

பிள்ளைகளுக்கு அனுப்புவது போக விற்கிற யோசனை வந்தால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்ட பிறகே இறங்குங்கள். ஈரப்பதம், பிஎச் எல்லாம் பரிசோதிக்கத் தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, முன்பு ஐஐஎஃப்பிடி என்று இருந்த அதே நிறுவனம்தான். பிசைந்து முடித்த கொட்டைகளைக் குப்பையில் கொட்டாதீர்கள். கொல்லையில் மணல் மேடு கட்டி நெருக்கமாக அடுக்கிவிட்டால் தைப்பொங்கலுக்குக் கிழங்கு பிடுங்கலாம்.