மூட்டு மாத்திரை: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: மூட்டு வலிக்கென்று விற்கும் ஒரு டப்பாவில் ‘கொலாஜன் 40 மி.கி.’ என்றும் இன்னொன்றில் ‘10 கிராம்’ என்றும் இருக்கிறது. எது சரியான அளவு?

பதில்: இரண்டும் சரிதான், பெயர் ஒன்று, சரக்கு வேறு. கொலாஜன் என்பது குருத்தெலும்பு, தோல், எலும்புக்கு உறுதி தரும் புரதம். 40 மி.கி. என்பது கோழியின் மார்புக் குருத்தெலும்பிலிருந்து அதிகச் சூடு படாமல் எடுக்கும் டைப் 2 கொலாஜன். கயிறுபோல முறுக்கிய அதன் மூவிழை வடிவம் குலையாமல் இருக்க வேண்டும். குடல் சுவரிலுள்ள எதிர்ப்பு செல்கள் அந்த வடிவத்துக்குப் பழகிவிட்டால், மூட்டிலுள்ள அதே கொலாஜன் மீது உடல் காட்டும் எதிர்ப்பு தணியும் என்பதுதான் இதன் அடிப்படை. பழக்குவதற்குச் சிறிதளவு போதும். இரண்டு கேப்ஸ்யூல் போட்டால் பலன் இரட்டிப்பாகாது. கேப்ஸ்யூலைப் பிரித்துச் சூடான பானத்தில் கொட்டினால் முறுக்கு அவிழ்ந்துவிடும், காசும் வீண்.

10 கிராம் தூளோ தோல், எலும்பு, செதில் இவற்றின் கொலாஜனை நொதியால் துண்டு துண்டாக்கியது. ஏற்கெனவே நறுக்கியதுதானே, சூட்டில் கலக்கலாம். இதை 40 மி.கி. சாப்பிட்டுப் பிரயோஜனமில்லை.

கேள்வி: மூட்டு வலிக்கு விற்கும் இன்னொரு வகை, குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் சேர்ந்த மாத்திரையை எத்தனை நாள் சாப்பிட்டால் தேய்ந்த குருத்தெலும்பு வளரும்?

பதில்: வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வலி குறைகிறதா என்பது மட்டுமே கேள்வி, அதிலும் சான்றுகள் ஒத்துப்போகவில்லை. 2006-இல் அமெரிக்காவில் வெளியான கெய்ட் ஆய்வில் முழங்கால் தேய்மானம் உள்ள 1583 பேருக்கு 24 வாரம் மருந்து கொடுத்தார்கள்: தினமும் குளுக்கோசமைன் 1500 மி.கி., காண்ட்ராய்டின் 1200 மி.கி., அல்லது இரண்டும்; சிலருக்கு செலிகாக்சிப் என்ற வலி மருந்து, சிலருக்கு ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. மொத்தத்தில் வெற்று மாத்திரையை இவை தெளிவாக மிஞ்சவில்லை. கவனிக்க வேண்டியது, வெற்று மாத்திரை விழுங்கியவர்களிலேயே சுமார் 60 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது! ‘எனக்கு இந்த மாத்திரை கேட்டது’ என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். மிதமானது முதல் கடுமையானது வரை வலி இருந்த சிறு பிரிவில் மட்டும் இரண்டும் சேர்ந்தபோது பலன் தெரிந்தது: 79 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது, வெற்று மாத்திரையில் 54 சதவீதம் பேருக்கு. அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகத்தின் 2019 வழிகாட்டி, முழங்காலுக்கு இரண்டையும் பரிந்துரைக்கவில்லை.

பார்த்தே தீருவேன் என்றால் மூன்று மாதம் பாருங்கள். வாரம் ஒருமுறை படியேறும்போது வலி பத்துக்கு எத்தனை என்று குறித்து வையுங்கள். எண் இறங்காவிட்டால் அடுத்த டப்பா வேண்டாம்.

டப்பாவில் எடையையும் சரிபாருங்கள். குளுக்கோசமைன் சல்ஃபேட் ஈரத்தை இழுக்கும் என்பதால் உப்போடு சேர்த்து நிலைப்படுத்துவார்கள். சோடியம் குளோரைடு சேர்ந்த வகையில் 1884 மி.கி. இருந்தால்தான் அதில் 1500 மி.கி. சல்ஃபேட், மிச்சம் 384 உப்பு. ரத்த அழுத்தக்காரர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேள்வி: எனக்கு இறால், நண்டு ஒவ்வாமை. தவிர, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறேன். குருத்தெலும்பு மாத்திரைதானே, எடுக்கலாமா?

பதில்: குளுக்கோசமைன் குருத்தெலும்பிலிருந்து வருவதே இல்லை, பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்துதான். காண்ட்ராய்டின்தான் மாடு, பன்றி, சுறாவின் குருத்தெலும்பு. ஒவ்வாமையைவிட வார்ஃபரின்தான் பெரிய கவலை. குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் ஜோடி வார்ஃபரினோடு சேர்ந்தால் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) ஏறி ரத்தக்கசிவு ஆகலாம். மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் இந்த வாரமே ஐ.என்.ஆர். பாருங்கள்.