டிஎன்பிஎஸ்சி படிப்புக்கு 20,000 ரூபாய்க்குள் டேப்லட் வாங்க வேண்டும். எதையெல்லாம் பார்த்து வாங்குவது?

சமச்சீர் புத்தக பிடிஎஃப்கள், பழைய வினாத்தாள்கள், ஆன்லைன் வகுப்பு வீடியோ, முடிந்தால் கொஞ்சம் கையெழுத்துக் குறிப்பு: இதுதான் உங்கள் தேவை என்று வைத்துக்கொள்கிறேன். வீட்டில் வைஃபையும் இருக்கிறது என்று கொள்வோம். இதற்கு நேரடிப் பதில்: 11 அங்குலத் திரை, குறைந்தது 6 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பு, வைஃபை மட்டும் உள்ள மாடல். டேப்லட்டுக்கு 16,500 முதல் 17,500 வரை ஒதுக்குங்கள். மீதியை உறை, திரையைக் காக்கும் கண்ணாடி, சார்ஜர் மூன்றுக்கும் எடுத்து வையுங்கள். முழு 20,000-ஐயும் டேப்லட்டுக்கே கொடுத்துவிட்டு உறை இல்லாமல் தூக்கித் திரிபவர்கள் நிறைய. முதல் தடவை கீழே விழுந்ததுமே திரை மாற்றும் செலவு, டேப்லட் விலையில் பாதியை நெருங்கிவிடும்.

இனி காரணங்கள்.

எல்லோரும் முதலில் புராசஸரையும் ரேமையும் பார்க்கிறார்கள். படிப்புக்கு வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது திரையின் அகலத்தைத்தான், அதுவும் நெட்டுவாக்கில் பிடிக்கும்போது கிடைக்கும் அகலத்தை. திரையின் அளவை மூலைக்கு மூலை அளந்து சொல்வதால் 11 அங்குலம் என்பது அகலம் ஆகாது. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. 16:10 விகிதத்தில் உள்ள 11 அங்குலத் திரையை நெட்டுவாக்கில் பிடித்தால் அகலம் 14.8 செ.மீ. தான் வரும். அதாவது பக்கம் 70 சதவீதமாகச் சுருங்கித் தெரியும். அச்சில் 11 புள்ளி (எழுத்தின் அளவைச் சொல்லும் ‘பாயிண்ட்’) அளவில் இருக்கும் எழுத்து இங்கே 7.7 புள்ளி. படிக்கலாம், சிரமம் அதிகமில்லை. சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 மாதிரி 8.7 அங்குலத் திரையில் அகலம் 11.3 செ.மீ.; பக்கம் 54 சதவீதமாகிவிடும், எழுத்து 6 புள்ளிக்கும் கீழே போய்விடும். தமிழில் இது ஆங்கிலத்தைவிடக் கடுமையாகப் படும். மெய்யெழுத்தின் புள்ளி மங்கிப்போகும், ‘கி’க்கும் ‘கீ’க்கும் உள்ள சுழி ஒன்றுபோலத் தெரியும். ஒவ்வொரு பத்திக்கும் விரலால் பெரிதாக்கி, பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் படிப்பது ஒரு வாரத்தில் சலித்துவிடும். விலை குறைவு, கைக்கு அடக்கம் என்று 8.7 அங்குலம் வாங்குவது வீடியோ மட்டும் பார்ப்பவருக்குச் சரி. உங்களுக்கு வேண்டாம்.

விகிதத்தையும் கவனியுங்கள். சில டேப்லட்கள் 16:10-க்குப் பதிலாக 7:5 விகிதத்தில் வருகின்றன. 2023 அக்டோபரில் வந்த ஒன்பிளஸ் பேட் கோ ஓர் உதாரணம்: 11.35 அங்குலம், 2408×1720 பிக்சல். ஏ4 தாளின் நீள அகல விகிதமும் கிட்டத்தட்ட 7:5 தான் என்பதால் பக்கம் திரையை நிறைத்து 79 சதவீத அளவில் தெரியும். ஐபேடும் ஏறத்தாழ இதே விகிதம்தான், அதில் 75 சதவீதம் வரும். வீடியோ பார்க்கும்போது மேலும் கீழும் கறுப்புப் பட்டை கொஞ்சம் கூடுதலாக விழும், அவ்வளவே. ஒரே விலையில் 16:10, 7:5 இரண்டும் கிடைத்தால் பிடிஎஃப் படிப்பவர் 7:5-ஐ எடுக்கலாம். உங்கள் பட்ஜெட்டில் அது கிடைக்காவிட்டாலும் வருத்தம் வேண்டாம். ரீட்எரா போன்ற செயலிகளில் பக்கத்தின் வெள்ளை ஓரத்தை வெட்டிக் காட்டும் வசதி இருக்கிறது. இரு பக்கமும் 2 செ.மீ. ஓரத்தை வெட்டினால், 14.8 செ.மீ. திரையில் 17 செ.மீ. அகலம் மட்டும் காட்டினால் போதும். 70 சதவீதம் 87 ஆகிவிடும். இந்த ஒரு செட்டிங் தரும் பயன், இன்னும் இரண்டாயிரம் கூடக் கொடுத்து வாங்கும் டேப்லட்டில்கூடக் கிடைக்காது.

பிக்சலைப் பொறுத்தவரை 1920×1200-க்குக் கீழே போகாதீர்கள். பத்தாயிரத்துக்குள் வரும் பல 10 அங்குல டேப்லட்களில் 1280×800 தான் இருக்கும். ஸ்கேன் செய்த பழைய வினாத்தாளை முழுப் பக்கமாக அதில் திறந்தால் எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். 90 ஹெர்ட்ஸ், 120 ஹெர்ட்ஸ் என்பது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு; அது கூடினால் பக்கத்தைத் தள்ளும்போது வழுக்கலாக நகரும், பேனா எழுத்துக்கும் உதவும். படிப்புக்கு அதற்காகத் தனியே பணம் கொடுக்க வேண்டியதில்லை. இந்த விலைக்கான எல்சிடி திரைகள் மொட்டை மாடி வெயிலில் சரியாகத் தெரியாது. வெளியில் உட்கார்ந்துதான் படிப்பேன் என்றால் கடையிலேயே வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துவந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ரேம். பெட்டியில் ‘4 ஜிபி + 4 ஜிபி’ என்றோ ‘8 ஜிபி வரை’ என்றோ போட்டிருந்தால் உண்மையான ரேம் 4 ஜிபி தான். மீதி, சேமிப்பிடத்தில் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்துவது. வேகத்தில் இரண்டும் பக்கத்தில்கூட வராது. 4 ஜிபியில் என்ன ஆகும் என்றால், ஒரு பாதியில் வகுப்பு வீடியோவும் மறு பாதியில் 150 எம்பி ஸ்கேன் பிடிஎஃப்பும் திறந்து வைத்திருக்கும்போது, இடையில் பிரவுசருக்குப் போய் வந்தால் பிடிஎஃப் மூடிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து திறக்கும். 6 ஜிபியில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இராது.

64 ஜிபி மாடலில் ஆண்ட்ராய்டும் கூடவே வரும் செயலிகளும் 15 முதல் 20 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேர வகுப்பு வீடியோ தரத்தைப் பொறுத்து அரை ஜிபியிலிருந்து ஒரு ஜிபி வரும். மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பயிற்சி மையங்களின் செயலிகளில் பல, தரவிறக்கிய வீடியோவைக் கார்டுக்கு மாற்ற விடுவதில்லை. கார்டு உங்கள் சொந்த பிடிஎஃப்களுக்கு மட்டும் உதவும். சேமிப்பு எந்த வகை என்றும் பாருங்கள். இஎம்எம்சி என்றால் வாங்கிய புதிதில் நன்றாக இருந்து, இடம் நிரம்ப நிரம்ப மந்தமாகும்; யுஎஃப்எஸ் நல்லது. இந்த வரியைப் பல விளம்பரங்கள் விட்டுவிடும். நிறுவனத்தின் இணையதளத்தில் முழு விவரக்குறிப்பைத் திறந்து தேடினால் கிடைக்கும்.

சமச்சீர் புத்தகம் பற்றி ஒரு விஷயம். பழைய பதிப்புகளிலும் பலர் பகிரும் குறிப்புகளிலும் யூனிகோடு (எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) அல்லாத தமிழ் எழுத்துருதான் இருக்கிறது. அவற்றில் ஒரு சொல்லைத் தேடினால் எதுவும் வராது. விலை உயர்ந்த டேப்லட் வாங்கினாலும் இது மாறாது. தமிழ் தட்டச்சுக்குச் செல்லினம் என்ற செயலியைப் போட்டுக்கொண்டால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும்.

வீடியோ விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று வைட்வைன். இது பதிப்புரிமைப் பாதுகாப்பு முறை. எல்1 நிலை இருந்தால்தான் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் வீடியோ போன்றவை ஹெச்டி தரத்தில் ஓடும். எல்3 மட்டும் இருந்தால் 480 வரித் தரத்தோடு நின்றுவிடும். யூடியூப் வகுப்புகளுக்கு இது தடை இல்லை. ஆனால் வீட்டில் மற்றவர்களும் படம் பார்ப்பார்கள் என்றால் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவசச் செயலியைப் போட்டால் ‘செக்யூரிட்டி லெவல்’ என்ற வரியில் எல்1 அல்லது எல்3 என்று காட்டும்.

சார்ஜரைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. பேட்டரி அளவை மட்டும் பெரிதாகப் போட்டு, சார்ஜ் ஏறும் வேகத்தைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். ரெட்மி பேட் எஸ்இ 11 அங்குல மாடலில் 8000 எம்ஏஎச் பேட்டரி, 10 வாட் சார்ஜிங். 8000 எம்ஏஎச் என்றால் ஏறக்குறைய 31 வாட்-மணி. 10 வாட்டில் கணக்குப்படி மூன்று மணி நேரத்துக்கு மேல், கடைசிப் பகுதி மெதுவாக ஏறுவதையும் சேர்த்தால் நான்கை நெருங்கும். இரவில் செருகிவிட்டுத் தூங்குபவருக்குக் குறையில்லை. நூலகத்தில் ஒரு மணி நேரம் பிளக் கிடைக்கும் என்று நம்பிப் போகிறவருக்குப் போதாது. கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் 7040 எம்ஏஎச், 15 வாட். ஒன்பிளஸ் பேட் கோ 8000 எம்ஏஎச், 33 வாட். பல மாடல்களில் பெட்டிக்குள் கேபிள் மட்டும்தான் வரும். வீட்டில் இருக்கும் போன் சார்ஜரில் 10, 15 வாட் டேப்லட்கள் தாராளமாக ஏறும். 33 வாட் என்பது மட்டும் அந்தந்த நிறுவனத்தின் சார்ஜர் இல்லாவிட்டால் பெரும்பாலும் முழு வேகம் எடுக்காது.

சிம் போடும் மாடலுக்கு இரண்டாயிரம் முதல் ஐந்தாயிரம் வரை கூடுதல், அதோடு மாதாமாதம் ரீசார்ஜ். வீட்டில் வைஃபை, வெளியில் போன் ஹாட்ஸ்பாட் என்றால் அந்தச் செலவு தேவையில்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: யுபிஐ செயலிகள் சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பித்தான் பதிவு செய்யும், ஆகையால் வைஃபை டேப்லட்டில் கூகுள் பே ஓடாது. வாட்ஸ்அப்பைப் போனோடு இணைத்த சாதனமாக வைத்துக்கொள்ளலாம். அப்படி நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம்.

கையெழுத்துக் குறிப்பு எழுத ஆசைப்படுகிறீர்கள். இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. முன்னூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் முனை அல்லது வட்டத் தகடு பேனா எந்தத் திரையிலும் வேலை செய்யும், ஏனென்றால் டேப்லட்டுக்கு அது இன்னொரு விரல். உள்ளங்கையைத் திரையில் வைத்ததும் அங்கேயும் கோடு விழும். கையைத் தூக்கிக்கொண்டு அரைப் பக்கம் எழுதினாலே தோள் வலிக்கும். உள்ளங்கையைப் பொருட்படுத்தாமல் எழுத, டேப்லட்டே ஆதரிக்கும் பேனா வேண்டும். ஒரு நிறுவனத்தின் பேனா பெரும்பாலும் இன்னொன்றில் எழுதாது, ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் மாறும். சாம்சங்கின் எஸ் பென் டேப் எஸ் வரிசையில் வேலை செய்யும்; டேப் ஏ9 பிளஸ்ஸில் வேலை செய்யாது. எழுதுவதுதான் முக்கிய வேலை என்றால் பட்ஜெட்டை 25,000-க்கு மேல் உயர்த்தி, பேனா பெட்டியிலேயே வரும் கேலக்ஸி டேப் எஸ்6 லைட் போன்றதைச் சலுகை நேரத்தில் பிடியுங்கள். அந்த அளவுக்கு இல்லை என்றால் குறிப்பை நோட்டிலேயே எழுதுங்கள், பிடிஎஃப்பில் விரலால் கோடிட்டு நிறம் தீட்டுவது மட்டும் டேப்லட்டில் இருக்கட்டும். எழுதும் தேர்வுக்குக் கைப் பழக்கமும் வேண்டுமே.

ஐபேட் வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். 2025 மார்ச்சில் வந்த ஏ16 ஐபேடின் அறிமுக விலை 34,900, சேமிப்பு 128 ஜிபியில் தொடங்குகிறது. மென்பொருள் ஆதரவில் அதன் பலம் பெரியது: 2018-இல் வந்த ஆறாம் தலைமுறை ஐபேடுக்கு 2023-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 17 வரை கிடைத்தது. ஆண்ட்ராய்டில் எத்தனை ஆண்டு அப்டேட் என்பது மாடலுக்கு மாடல் வேறு. எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் தருவோம் என்று நிறுவனம் எழுத்தில் சொல்லாத மாடலைத் தவிர்ப்பது நல்லது. மூன்றாண்டுக்கு முன் வெளியான மாடல் மலிவாகக் கிடைக்கிறது என்றால், அந்த ஆதரவுக் காலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே கழிந்துவிட்டது என்று பொருள்.

பழையது வாங்கினால் ஐபேட் எட்டும் தொகையில் கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் நிறையச் சுற்றுகின்றன. விற்பவர் முன்னாலேயே அவருடைய ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுக்க அழித்து, மறுபடி புதிதாகத் தொடங்கிக் காட்டச் சொல்லுங்கள். பழைய கணக்கின் கடவுச்சொல் கேட்டால் வாங்காதீர்கள், அதை நீங்கள் திறக்கவே முடியாது. ஆண்ட்ராய்டிலும் கூகுள் கணக்குக்கு இதே கதைதான். இன்னொரு வகை, பள்ளிகளும் நிறுவனங்களும் மொத்தமாக வாங்கியவை வெளியே வருவது. செட்டிங்ஸில் ‘இந்தச் சாதனம் ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது’ என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அழித்தாலும் பூட்டு திரும்ப வந்துவிடும்.

பெயர் கேள்விப்படாத பிராண்டுகள் 7,000 ரூபாய்க்கு ‘12 ஜிபி ரேம், 512 ஜிபி’ என்று விற்பதை நம்பாதீர்கள். செட்டிங்ஸில் காட்டும் எண்ணையே மாற்றி வைத்திருப்பார்கள். சிபியு-இசட் செயலியில் புராசஸரின் பெயரையும், பெரிய வீடியோ கோப்புகளைத் தொடர்ந்து நகலெடுத்துச் சேமிப்பையும் சோதித்தால் உண்மை தெரியும். இந்தியாவில் விற்கும் டேப்லட்டுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். பெட்டியிலோ பின்பக்கத்திலோ ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்துடையது என்று காட்டும்.

வட்டியில்லாத் தவணை என்று எடுத்தால் செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதிக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் உங்கள் கார்டில் வரும். அதையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். திரைக் கண்ணாடியும் உறையும் வாங்கும்போது மாடல் எண்ணை எழுத்துப் பிசகாமல் ஒப்பிடுங்கள். ஏ9-உம் ஏ9 பிளஸ்ஸும் வெவ்வேறு அளவு.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு, அன்றைக்கே இவற்றைப் பாருங்கள். முழு வெள்ளை, முழு கறுப்புப் படங்களைத் திறந்து இறந்த பிக்சலும் ஓர ஒளிக்கசிவும் இருக்கிறதா என்று தேடுங்கள். வரையும் செயலியில் மூலைக்கு மூலை விரலை மெதுவாக இழுங்கள், கோடு எங்கேயாவது அறுந்தால் தொடுதிரையில் குறை. பக்கத்து அறைக்குப் போய் வைஃபை நிற்கிறதா பாருங்கள். அரை மணி நேரம் சார்ஜ் போட்டு எத்தனை சதவீதம் ஏறியது, பின்பக்கம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்களிடம் இருப்பதிலேயே கனமான ஸ்கேன் பிடிஎஃப்பைத் திறந்து ஐம்பது பக்கம் வேகமாகத் தள்ளுங்கள். ஏதாவது சரியில்லை என்றால் அன்றே மாற்றுக் கோரிக்கை போடுங்கள். பெரும்பாலான ஆன்லைன் கடைகள் தரும் கெடு 7 நாள், அதற்குப் பிறகு சர்வீஸ் சென்டர் வாசலில்தான் நிற்க வேண்டும்.