பட்டறைக்காரர்களைக் கூப்பிடுங்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்டெல்லாஃபேன் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், சொந்தக் கையால் தொலைநோக்கி செய்பவர்கள் ஒரு குன்றின்மேல் ஆண்டுதோறும் கூடுகிறார்கள் என்பதே எனக்குப் புதிய செய்தி. நான் மதுரையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். இங்கும் அப்படி ஒன்று தொடங்கலாம் என்று நண்பர்கள் நாலைந்து பேர் பேசிவருகிறோம். நிகழ்ச்சிநிரல் வரைவை இணைத்திருக்கிறேன். ஆனால் எங்களுக்குள் ஒரு சந்தேகம். ஆறு அங்குல விட்டமுள்ள தொலைநோக்கி ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வாசலுக்கே வருகிறது. மாதக்கணக்கில் உட்கார்ந்து, தொலைநோக்கிக்குள் ஒளியைக் குவிக்கும் ஆடிக்காகக் கண்ணாடி தேய்க்க இன்று யார் வருவார்கள்? தேய்க்கத்தான் வேண்டுமா?

அன்புடன்,
தி., திருநகர்

அன்புள்ள தி.,

வரைவைப் பார்த்தேன். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், சிறப்புரைகள், மதிய உணவு, மறுபடியும் உரை, நன்றியுரை. கடைசியில் ஒரு வரி: 'மாலை 6.30, மொட்டைமாடியில் வான்நோக்கல்.' தொலைநோக்கி செய்த ஆள் வந்து நிற்பதற்கு இதில் இடமே இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், நம் ஊரில் எந்த விழாவுக்கும் நிரல் இப்படித்தான் தானாக அமைந்துவிடுகிறது.

ஸ்டெல்லாஃபேன் விழாவாகத் தொடங்கவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு என்ற அந்தச் சிற்றூர் அன்று லேத்துக்கும் எந்திரக் கருவிகளுக்கும் பேர்போனதாக இருந்தது. அங்கே ஜோன்ஸ் அண்ட் லாம்சன் தொழிற்சாலையில் வேலை பார்த்த ரஸல் போர்ட்டர் 1920-இல் கண்ணாடி தேய்க்கக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். வந்து சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் அதே தொழிற்சாலை ஆட்கள். செய்து முடித்த பிறகு சங்கம் வைத்தார்கள், குன்றின்மேல் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். 1925 நவம்பரில் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் ஆல்பர்ட் இங்கால்ஸ் இவர்களைப் பற்றி எழுத, நாடெங்கும் ஆட்கள் கண்ணாடி தேய்க்கத் தொடங்கினார்கள். 1926-இல்தான் முதல் கூடுகை. போர்ட்டர் பிறகு கலிஃபோர்னியாவில் பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கித் திட்டத்துக்கே போய்ச் சேர்ந்தார்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தொழிற்சாலையின் தலைவர் ஜேம்ஸ் ஹார்ட்னெஸும் வானம் பார்க்கிற ஆசாமி. அவரும் போர்ட்டரும் சேர்ந்து, திருகு மரையின் நிழலைப் பெரிதாக்கித் திரையில் போட்டு அளக்கும் கருவியை 1920-களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். இன்று டூல் ரூம்களில் புரொஃபைல் புரொஜெக்டர் என்று நிற்பது அதன் வழிவந்ததுதான். கே.புதூர் தொழிற்பேட்டையிலோ கப்பலூர் சிட்கோவிலோ அதன் முன்னால் நின்று வேலை செய்கிறவர் யாராவது இருந்தால், அவர்தான் உங்கள் கூடுகைக்கு முதல் ஆள். என்ஜின் வால்வை பேஸ்ட் தடவித் தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் வேலை செய்கிற மெக்கானிக் இரண்டாவது ஆள். கண்ணாடி தேய்ப்பதும் லேப்பிங்தான், பொடிகூட அதே இனம். உங்கள் வரைவில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், மாணவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் இருவரும் இல்லை.

இனி உங்கள் நண்பர்களின் கேள்வி. பணம் மிச்சமாகும் என்று யாருக்கும் சொல்லாதீர்கள். கண்ணாடி, பொடிகள், பூச்சு, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் எல்லாம் சேர்த்தால் ஆயத்தமாக வாங்குவதற்குச் சமமாகவோ கூடுதலாகவோதான் வரும். வானத்தைப் பார்ப்பது மட்டும்தான் ஆசை என்றால் வாங்கிவிடலாம், அதில் குறைவொன்றும் இல்லை.

தேய்ப்பவனுக்குக் கிடைப்பது வேறு. இரண்டு வட்டக் கண்ணாடிகள். ஒன்றை மேசைமேல் கட்டைகளுக்கு நடுவே அசையாமல் வைத்து, கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் போட்டு, மற்றதை மேலே வைத்துத் தள்ளவேண்டும். தள்ளிக்கொண்டே மேசையைச் சுற்றி நடக்கவேண்டும். முதலில் காதைக் கூசவைக்கும் கரகரப்பு. பொடி உடைய உடைய ஓசை தணியும். அப்போது கழுவிவிட்டுப் புதுப் பொடி. கொஞ்சம் கொஞ்சமாக மேல் கண்ணாடி குழியும், கீழது குவியும். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கக்கூடிய வளைவு கோளம் ஒன்றுதான் என்பதால் அது தானாகவே கோளமாகிறது. நாலடி குவியத்தூரம் உள்ள ஆறு அங்குலக் கண்ணாடிக்கு நடுவில் குழியவேண்டிய ஆழம் 1.2 மில்லிமீட்டர்தான். அடுத்த பொடிக்குப் போகும்போது பழைய பொடியில் ஒரு துகள் லுங்கியில் ஒட்டியிருந்தாலும் கீறல் விழும், முந்தைய கட்டத்துக்கே திரும்பவேண்டியதுதான்.

பாலிஷ் முடிந்தபின், நட்சத்திர ஒளி ஒரே புள்ளியில் குவிவதற்காகக் கோளத்தைப் பரவளையமாக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் விளிம்பில் ஒரு மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எந்த மைக்ரோமீட்டரும் இதற்கு உதவாது. பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1858-இல் சொன்ன சோதனைக்கு ஒரு சின்ன விளக்கும் சவர பிளேடும் போதும். எட்டடி தூரத்திலிருந்து ஒளியை அனுப்பி, திரும்பிவந்து குவியும் இடத்தில் பிளேடால் வெட்டிப் பார்த்தால், கண்ணாடியின் மேடுபள்ளம் நிழலாகத் தெரியும். ஒரு நண்பர் வீட்டில், கண்ணாடிமேல் விரலைச் சில விநாடி வைத்து எடுத்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார்கள். விரல் சூட்டில் உப்பிய கண்ணாடி அங்கே ஒரு குன்றாக நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமுங்கிப்போனது. இந்தச் சோதனையை உங்கள் கூடுகையில் நடு இடத்தில் வையுங்கள். மெஷின் ஷாப்பில் மைக்ரானுக்குச் சண்டைபோடும் ஆள் அந்த இடத்தைவிட்டு நகரமாட்டார்.

மதுரைக்கென்று சில சங்கதிகள். பாலிஷ் செய்யப் பயன்படும் பிட்ச் என்ற கீல் வெயிலில் இளகி வடிவம் கெடும். அந்த வேலையை மார்கழி, தையில் முடித்துவிடுங்கள். ஸ்டெல்லாஃபேன் கோடையில் நடப்பதைப் பார்த்து நீங்களும் ஜூலை, ஆகஸ்ட் வைத்தால் மேகத்தைத்தான் பார்ப்பீர்கள். மாசி அமாவாசையும் வேண்டாம். சிவராத்திரி ஒட்டி வரும், பாதி ஊர் குலதெய்வக் கோயிலில் இருக்கும், கிராமமெங்கும் ட்யூப்லைட். பங்குனி அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமை சரி. நள்ளிரவு தாண்டினால் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து தெற்கே நன்றாக மேலேறியிருக்கும். வெர்மான்ட்காரர்களுக்கு அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை.

மொட்டைமாடி ஆகாது. பேரையூர் தாண்டிப் பட்டா நிலம் பாருங்கள். மதுரையின் வெளிச்சம் வடகிழக்கில் ஒதுங்கிவிடும், தெற்கு வானம் மிஞ்சும்.

தொலைநோக்கியை ஏற்றி நிறுத்தும் தாங்கிக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். இங்கே துருவ நட்சத்திரம் பத்து பாகை உயரத்தில்தான் நிற்கிறது. அதை நோக்கி அச்சைச் சாய்க்கும் தாங்கி ஏறக்குறையப் படுத்துவிடும், கையாள்வது தொல்லை. ஜான் டாப்சன் காட்டிய ப்ளைவுட் பெட்டி போதும். அவர் சான்ஃபிரான்சிஸ்கோ வேதாந்த மடத்தில் துறவியாக இருந்தபோதே தொலைநோக்கி செய்தவர். தச்சர் ஒருவர் ஒரு நாளில் முடித்துத் தருவார்.

அலுமினியப் பூச்சுக்கு வெற்றிட அறை வேண்டும், அதற்கு வெளியூர் அனுப்பக் காலம் பிடிக்கும். அதற்காக முதல் கூடுகையைத் தள்ளிப்போடாதீர்கள். பூசாத கண்ணாடியும் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பித்தரும். சிரியஸ் நட்சத்திரத்தைப் பார்த்துக் கண்ணாடி தேறியதா இல்லையா என்று சொல்ல அது தாராளம். தேறாவிட்டால் மறுபடி தேய்க்க, பூசாமல் இருப்பதே நல்லது.

தேதி முடிவானதும் எழுதுங்கள்.