பேசிக்கொண்டு வந்தவருக்கு ஏன் வென்டிலேட்டர்?

கேள்வி: மூடிய அறையில் தீப்பிடித்து, தம்பிக்கு முகத்திலும் மார்பிலும் பலத்த தீக்காயம். மருத்துவமனைக்குப் பேசிக்கொண்டேதான் வந்தான். குரல் மட்டும் கம்மியிருந்தது. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 98 என்று காட்டியது. ஆனாலும் உடனே தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்துவிட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்களோ?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. அந்தக் கம்மிய குரல்தான் எச்சரிக்கை. சூடான புகையை இழுத்தவரின் தொண்டை உடனே அடைத்துக்கொள்ளாது. மணிக்கணக்கில் மெல்ல வீங்கும். தீக்காயத்துக்காக ஏற்றும் திரவம் அந்த வீக்கத்தைக் கூட்டும், ஏற்றாமலும் இருக்க முடியாது. மாலையில் பேசியவர் நள்ளிரவில் திணறுவார். அப்போது வாயைத் திறந்து பார்த்தால் குரல்வளையே கண்ணில் படாமல் போகலாம். அதனால்தான் குரல் மாற்றம், சளியில் கரி, மூச்சிழுக்கும்போது கீச்சொலி ஆகியவற்றைக் கண்டால் வழி திறந்திருக்கும்போதே குழாயை வைத்துவிடுகிறோம். முகம் வெந்த எல்லோருக்கும் இது வேண்டியதில்லை; தேவையற்ற குழாயும் தீங்குதான்.

98 என்ற எண்ணை நம்பாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொண்டாலும் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது. ரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

வென்டிலேட்டர் நுரையீரலைக் குணப்படுத்துவதில்லை. அது ஆறும்வரை மூச்சுவிடும் வேலையைச் சுமக்கிறது. பலமாகக் காற்றடித்தால் நுரையீரல் மேலும் புண்ணாகும். ஆகவே உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடையில் கிலோவுக்கு 6 மி.லி. அளவையொட்டிச் சிறு மூச்சுகளாகத் தருவது வழக்கம். மார்பைச் சுற்றி வெந்த தோல் கவசம் போல இறுகிவிட்டால் அதுவும் உள்ளே போகாது. அப்போது அந்தத் தோலைக் கீறிவிட வேண்டும். கீறியவுடன் திரையில் அழுத்தம் சரசரவென இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம்.

நீங்கள் உள்ளே போகும்போது குழாய் துணி நாடாவால் கட்டப்பட்டிருக்கக்கூடும். வெந்த முகத்தில் பிளாஸ்திரி ஒட்டாது. அந்த முடிச்சைத் தயவுசெய்து தொடாதீர்கள். வீங்கிய தொண்டையில் நழுவிய குழாயை மீண்டும் வைப்பது மிகக் கடினம். தம்பி பேசாததைக் கண்டு கலங்கவும் வேண்டாம். குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் ஒலி எழாது, அவ்வளவுதான். மயக்க மருந்து குறைந்திருந்தால் நீங்கள் சொல்வது அவருக்குக் கேட்கும், பேசுங்கள்.

எப்போது எடுப்பார்கள் என்று நாள் கேட்பதைவிட, “குழாயைச் சுற்றியுள்ள சிறு பலூனின் காற்றை இறக்கினால், குழாயைச் சுற்றிக் காற்று கசிகிறதா?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். கசிந்தால் வீக்கம் வடியத் தொடங்கிவிட்டது என்று பொருள்.