பேரலில் கை வைப்பதற்கு முன்

வணக்கம் சார்,

நான் திருவொற்றியூரில் இருக்கிறேன். முறையான லைசென்ஸோடு இஷாப்பூர் தொழிற்சாலையின் .22 போல்ட் ரைபிள் ஒன்றைப் பழையதாக வாங்கி, கிளப்பில் 50 மீட்டர் புரோன் (படுத்தபடி) சுடுகிறேன். வெளிநாட்டு மேட்ச் ரைபிள் வாங்கும் வசதி எனக்கு இல்லை. பத்து குண்டு சுட்டால் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிறது. ஒரு வாரம் நெருக்கமாக விழும், மறு வாரமே கலைந்துவிடும். வியாசர்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பர், பேரல் முனையைக் கொஞ்சம் வெட்டிப் புதிதாக முகம் எடுத்துத் தருகிறேன், ட்ரிக்கரையும் லேசாக்கிவிடலாம் என்கிறார். நல்ல வேலைக்காரர். செய்யலாமா? இல்லை, டெலஸ்கோப் போட்டால் சரியாகுமா? கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போடுவது?

ஆர்., திருவொற்றியூர்

அன்புள்ள ஆர்.,

முதலில் லேத். அது வேண்டவே வேண்டாம். உங்கள் நண்பரின் கைத்திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. பெரம்பூரையும் மணலியையும் நம்பி வளர்ந்த பட்டறைகளில் எப்படிப்பட்ட வேலைக்காரர்கள் இருக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். ஆனால் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 5வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் அதற்கென்று தனி லைசென்ஸ் வேண்டும். பேரலைக் குட்டையாக்குவதை 6வது பிரிவு தனியாகவே சொல்கிறது. உங்கள் லைசென்ஸ் ரைபிளை வைத்துக்கொள்வதற்கும் சுடுவதற்கும்தான். உதவி செய்ய வந்த நண்பரை போலீஸ் வழக்கில் மாட்டிவிடாதீர்கள். உலோகத்தைத் தொடும் வேலை எதுவானாலும் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் போக வேண்டும், இல்லையென்றால் கிளப்பின் துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரரிடம் கேளுங்கள்.

அந்த வேலை தேவையா என்பதே சந்தேகம். உங்கள் கடிதத்திலேயே துப்பு இருக்கிறது: ஒரு வாரம் நெருக்கம், மறு வாரம் கலைதல். பேரல் முனை கெட்டிருந்தால் எல்லா வாரமும் கெட்டுத்தான் சுடும். வாரத்துக்கு வாரம் குணம் மாறுகிற ரைபிளில் ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தோட்டா மாறுகிறது, அல்லது திருகு தளர்கிறது, அல்லது பேரலைத் தாங்கும் மரக் கட்டை ஊறுகிறது. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

முனையை நீங்களே பார்த்துவிடலாம். ரைபிளைக் காலி செய்து, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி வையுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியைப் பேரல் வாயில் லேசாக நுழைத்து, விளிம்பைத் தொட்டபடி வெளியே இழுங்கள். சுற்றிலும் எல்லாப் பக்கமும் இப்படிச் செய்யுங்கள். எங்காவது பிசிறு இருந்தால் அந்த இடத்தில் பஞ்சு இழை சிக்கி நிற்கும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. ஒரு பக்கம் மட்டும் பிசிறு இருந்தால், பின்னால் வரும் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு குண்டை ஆட்டிவிடும். சிக்கினால் மெக்கானிக்கிடம் போங்கள். சிக்கவில்லையா, அந்தப் பேச்சையே விட்டுவிடலாம்.

பழைய ரைபிள் என்பதால் இன்னொன்றும் பாருங்கள். தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் வாய் விளிம்பில் சின்னப் பள்ளம் தெரிகிறதா? தோட்டா இல்லாமல் வெறுமனே ட்ரிக்கர் அடித்துப் பழகியவர்கள் கையில் இருந்த .22-இல் இது வரும். ஊசி தோட்டாவின் விளிம்பில் அடிக்க வேண்டியது, தோட்டா இல்லாதபோது சேம்பர் விளிம்பிலேயே போய் அடிக்கிறது. பள்ளம் இருந்தால் அதுவும் மெக்கானிக் வேலை.

இப்போது தோட்டா. விலை குறைந்த ரைபிளில் நான் முதல் பணத்தைப் போடச் சொல்வது இதில்தான். .22-இல் பற்றவைக்கும் மருந்து நடுவில் இருக்காது, அடிவிளிம்பின் மடிப்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். ஒரு தோட்டாவில் அது சீராகப் பரவியிருக்கும், அடுத்ததில் ஒரு பக்கம் குறைந்திருக்கும். உடனே வேகம் மாறும். சாதாரண வேகத் தோட்டா நொடிக்குச் சுமார் 320 மீட்டரில் கிளம்புகிறது. 50 மீட்டர் போவதற்குள் 12, 13 சென்டிமீட்டர் கீழே இறங்கிவிடும். ஒரு தோட்டாவின் வேகம் 10 மீட்டர் குறைந்தால் அது இன்னும் சுமார் 8 மில்லிமீட்டர் கீழே போய் விழும். 50 மீட்டர் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். உங்கள் கை கல்லாக நின்றாலும் தோட்டா சீராக இல்லையென்றால் ஒன்றும் நடக்காது.

சிதறல் மேலும் கீழுமாக நீண்டிருந்தால் முதல் சந்தேகம் தோட்டா மேல் வரட்டும். இடமும் வலமுமாக இருந்தால் காற்று, பிடி, ட்ரிக்கர் விரல். இரண்டு தனிக் கூட்டமாகப் பிரிந்து விழுந்தால் திருகையும் கட்டையையும் பாருங்கள். நிச்சயமான விதி இல்லை, ஆனால் எங்கே தேட ஆரம்பிப்பது என்று சொல்லும்.

ஹை வெலாசிட்டி என்று பெட்டியில் போட்டிருப்பதை வாங்காதீர்கள். அது 370, 380 மீட்டரில் கிளம்பும், ஆனால் அட்டையை நெருங்கும்போது ஒலி வேகத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். நம் ஊர் 35 டிகிரி வெயிலில் ஒலி வேகம் சுமார் 352 மீட்டர். அந்த எல்லையைத் தாண்டும்போது குண்டு தடுமாறும். சாதாரண வேகத் தோட்டா முதலிலிருந்தே எல்லைக்குக் கீழே இருப்பதால் அதற்கு இந்தத் தொல்லை கிடையாது.

அப்புறம் லாட் எண், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதிக்குப் பெட்டியில் போடும் எண். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை. லாட் மாறினால் உங்கள் பேரல் அதை வேறு தோட்டாவாகவே நடத்தும். எலே, எஸ்கே, ஆர்டபிள்யூஎஸ் என்று கிளப்பில் கிடைக்கும் நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி எடுத்து, மணல் மூட்டை மேல் முன்னும் பின்னும் தாங்கல் கொடுத்து, பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். ஐந்து குண்டை நம்ப வேண்டாம், அது அதிர்ஷ்டத்திலும் நெருங்கி விழும். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஈயக் குண்டின் மேல் பூசியிருக்கும் மெழுகு பேரலுக்குள் புதிதாகப் படிந்தால்தான் அது நிலைக்கு வரும். எந்த லாட் பிடித்திருக்கிறதோ, லைசென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு அதையே வாங்கி வையுங்கள். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் (மண்டியிட்டு, படுத்து, நின்று) வெண்கலம் வாங்கியதும் இதே .22 தோட்டாவில்தான். அந்த மட்டத்தில் லாட் தேர்வை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்தது கட்டை. நீங்கள் இருப்பது கடலோரம். திருவொற்றியூரிலும் காசிமேட்டிலும் ஜன்னல் கம்பியே என்ன பாடு படுகிறது என்று உங்களுக்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக் கட்டை ஈரத்தை இழுத்து ஊதும். ஊதிய கட்டை பேரலை ஒரு பக்கமாகத் தள்ளும், பங்குனி வெயிலில் சுருங்கி விட்டுவிடும். கட்டையின் திருகுகளும் கூடவே தளரும். உங்கள் வாராந்திரக் குழப்பத்துக்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

ஒரு ரூபாய் நோட்டை மடிக்காமல் பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே முன்பக்கமிருந்து நுழைத்துப் பின்னால் கொண்டுபோங்கள். எங்கே தடுக்கிறது என்று பென்சிலால் குறியுங்கள். மழை நாளில் ஒருமுறை, வெயில் நாளில் ஒருமுறை பாருங்கள். குறி இடம் மாறினால் காரணம் பிடிபட்டது. கட்டையின் உள்பள்ளத்தை லேசாகத் தேய்த்து இடைவெளி கொடுத்து, வெறும் மரம் தெரியும் இடமெல்லாம் வார்னிஷ் அடிக்க வேண்டும். வெளியே பளபளவென்று இருக்கும் பல கட்டைகள் உள்ளே பூச்சில்லாத வெறும் மரமாகவே இருக்கின்றன.

அடுத்த சோதனை. ஒரு விரலைப் பேரலும் கட்டை நுனியும் சேரும் இடத்தில் வைத்துக்கொண்டு முன் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள். விரலுக்கு அசைவு தெரிந்தால், இறுக்கும்போதெல்லாம் ரைபிள் வளைந்துகொண்டிருக்கிறது. பேரலின் பின்னால் போல்ட்டைத் தாங்கும் ரிசீவர் உட்காரும் இடத்தில் எபாக்சி வைத்து சமதளம் எடுக்கும் பெட்டிங் வேலை தேவை. இதை ஆர்மரர் செய்யட்டும். அசைவு இல்லையென்றால், இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் (torque) ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். மரக் கட்டைக்கு 2 நியூட்டன் மீட்டரில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 3 வரை போய், ஒவ்வொரு படியிலும் பத்து சுட்டுப் பாருங்கள். நல்ல இடம் கிடைத்ததும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை ரேஞ்சுக்குப் போகும்போதும் அதே அளவு இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

சுத்தம் செய்வதில் நம் ஆட்களுக்கு ஆர்வம் அதிகம். ஈயக் குண்டு சுடும் பேரலுக்கு அத்தனை தேய்ப்பு வேண்டாம். கம்பியை எப்போதும் சேம்பர் பக்கமிருந்து விடுங்கள், முனைப் பக்கமிருந்து விட்டால் அந்த விளிம்பு தேயும். சேம்பருக்கு சற்று முன்னால் கரி வளையமாகக் கட்டும், அதை மட்டும் விடாமல் எடுங்கள். உப்புக் காற்றுக்காக லேசாக எண்ணெய் பூசுவது அவசியம், சுடுவதற்கு முன் உலர்ந்த துணி விட்டு அதைத் துடைத்துவிட வேண்டும். நுரை வைத்த பெட்டியில் மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், நுரை ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் தின்னும்.

ட்ரிக்கர் கனமாக இருப்பது உண்மைதான். அந்த ரைபிள்களில் ட்ரிக்கர் அப்படித்தான் வரும். பழைய கிரீஸ் காய்ந்து பிசினாகியிருந்தால் ஆர்மரரிடம் சுத்தம் செய்து வாங்குங்கள், பாதி சொரசொரப்பு போய்விடும். ட்ரிக்கர் இழுக்கும்வரை ஊசியைப் பிடித்து வைக்கும் கொக்கியைத் தேய்த்து லேசாக்கிய ரைபிள், தரையில் தட்டினாலே வெடிக்கும் நிலைக்குப் போகலாம். புரோன் வரிசையில் உங்களுக்கு இரண்டு பக்கமும் ஆட்கள் படுத்திருக்கிறார்கள்.

டெலஸ்கோப்புக்குப் பணம் போடாதீர்கள். போட்டியில் அதற்கு அனுமதி இல்லை, சின்னத் துளை வழியாகக் குறி பார்க்கும் துளை சைட்தான். சோதனை சுடும்போது மட்டும் கிளப்பில் யாரிடமாவது இரவல் வாங்கி மாட்டுங்கள், கண் தப்பு எவ்வளவு, ரைபிள் தப்பு எவ்வளவு என்று பிரிந்து தெரியும். பணத்தைத் தோட்டா சோதனைக்கும் டார்க் ஸ்க்ரூடிரைவருக்கும் ஒரு நல்ல துளை சைட்டுக்கும் இதே வரிசையில் செலவழியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அட்டைகளில் தேதி, லாட் எண், திருகு அளவு, அன்றைக்கு மழையா வெயிலா என்று எழுதி எனக்கு போட்டோ அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.