கேள்வி பதில்: அந்த ஒரு ‘த’

கேள்வி: ஐயா, தையல் தொழிலுக்கு உதவி கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். 2010இல் ஊருக்குத் திரும்பியதைச் சொல்ல, ‘வீ ஸ்டார்ட்டட் அவர் லைஃப் ஃப்ரொம் த ஸ்க்ராட்ச்’ என்று போட்டிருந்தேன். வாசித்தவர் அந்தத் ‘த’வைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டுத் தந்தார். காரணம் சொல்லவில்லை. ஸ்க்ராட்ச் என்றால் கீறல்தானே? கீறலில் இருந்து எப்படித் தொடங்குவது? அம்மாவின் தையல் மெஷின்கூட எங்களுக்கு மிஞ்சவில்லை. அதைத்தான் சொல்ல நினைத்தேன்.
வாசகி, முள்ளியவளை

பதில்: வட்டம் போட்டது சரி, பிள்ளை. ஆனால் காரணத்தையும் சொல்லியிருக்க வேண்டும்.

‘ஃப்ரொம் ஸ்க்ராட்ச்’ என்பதுதான் வழக்கு. நடுவில் ‘த’வும் வராது, ‘ஏ’யும் வராது. தமிழில் ஆர்ட்டிக்கிள் இல்லாததால் எங்கே போடுவது, எங்கே விடுவது என்று எங்களுக்குத் தடுமாற்றம். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு ‘த’வைச் செருகிவிடுகிறோம். கிளிநொச்சியில் நான் படிப்பித்த பிள்ளைகளின் கொப்பிகளில் இதே ‘த’வை எத்தனையோ தடவை வெட்டியிருக்கிறேன்.

கீறல் என்று நீங்கள் சொன்னதும் சரி. நாங்கள் ‘கோடு கீறு’ என்கிறோமே, அதே கீறல்தான். அந்தக் காலத்து ஓட்டப் போட்டிகளில் நிலத்தில் கீறிய தொடக்கக் கோட்டுக்கு ஸ்க்ராட்ச் என்று பெயர். ஓட்டம் குறைந்தவர்களைச் சலுகையாகச் சில கஜ தூரம் முன்னுக்கு நிற்க விடுவார்கள். எந்தச் சலுகையும் இல்லாதவர் கோட்டில் இருந்தே ஓட வேண்டும். கையில் ஒன்றுமில்லாமல் தொடங்குவது என்ற பொருள் அங்கிருந்து வந்ததுதான். கொல்ஃப் விளையாட்டில் சலுகை அடிகள் இல்லாதவரை இன்றும் ஸ்க்ராட்ச் ஆட்டக்காரர் என்பார்கள்.

மீள்குடியேறிய புதிதில் எங்கள் பள்ளிக்கூடம் தறப்பாள் கொட்டிலில் நடந்தது. விளையாட்டுப் போட்டிக்குக் கோடு போடச் சுண்ணாம்பு இல்லை. முதிரைக் கம்பொன்றால் செம்மண்ணில் நானே கீறினேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கோடு கால்பட்டு அழிந்துவிடும், திரும்பவும் கீறுவேன். இந்தச் சொற்றொடரை எங்கே பார்த்தாலும் எனக்கு அந்தக் கோடுதான் கண்ணில் நிற்கும்.

இதைத் தொழிலுக்கும் வாழ்க்கைக்கும் மட்டுமல்ல, சமையலுக்கும் சொல்லலாம். பைக்கற் மாவில் இடியப்பம் பிழிந்தால் அது ஃப்ரொம் ஸ்க்ராட்ச் ஆகாது. அரிசியை ஊறப்போட்டு, உரலில் இடித்து, அரித்து, வறுத்தெடுத்த மாவில் பிழிந்தால் தாராளமாகச் சொல்லலாம்.

அப்புறம், ‘பேக் டு ஸ்குவெயார் வன்’ என்பதோடு இதைக் குழப்ப வேண்டாம். செய்த முயற்சி பிழைத்து, வெளிக்கிட்ட இடத்துக்கே திரும்பி வந்து நிற்பதற்குத்தான் அது.

உங்கள் வசனத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ‘ஸ்டார்ட்டட் அவர் லைஃப்’ என்றால் அன்றைக்குத்தான் பிறந்தீர்கள் என்பதுபோல் கேட்கும். உங்களுக்கு அதற்கு முன்னும் ஒரு வாழ்க்கை இருந்தது. வீடு, கிணறு, அம்மாவின் மெஷின் எல்லாம் இருந்தன. அதனால் ‘மீண்டும்’ என்ற சொல் கட்டாயம் வேண்டும். ‘இன் 2010, வீ ஸ்டார்ட்டட் அகெய்ன் ஃப்ரொம் ஸ்க்ராட்ச்’ என்று எழுதுங்கள். இதற்குமேல் ‘நியூலி’, ‘ஃப்ரொம் த பிகினிங்’ ஒன்றும் தேவையில்லை. ஸ்க்ராட்ச் என்ற சொல்லுக்குள்ளேயே அவையும் அடக்கம்.

மெஷின் மிஞ்சவில்லை என்று எனக்கு எழுதினீர்கள். கடிதத்தில் அது இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வசனத்துக்கு அடுத்த வரியாகச் சேருங்கள். என்ன மெஷின், அம்மா எத்தனை வருடம் அதில் தைத்தார் என்பதையும் எழுதுங்கள்.